வானத்திலும் கிலோ கணக்குதான்

விமானி வேலைக்குப் பிள்ளையை அனுப்பும் கெடா குடும்பங்கள் 'சம்பளம் எவ்வளவு?' என்று கேட்கின்றன. அந்தச் சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத்தில் எஸ்.பி.எம். முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் முன்பெல்லாம் மூன்று வேலைகளைப் பற்றித்தான் பேச்சு நடக்கும்: டாக்டர், லாயர், இன்ஜினியர். இப்போது நான்காவதாக பைலட் வந்திருக்கிறது. தாத்தா பால்மரம் வெட்டியவர், அப்பா கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், பிள்ளை விமானம் ஓட்டப்போகிறான் அல்லது ஓட்டப்போகிறாள். மூன்றே தலைமுறையில் லயத்திலிருந்து வானத்துக்கு. இந்த ஆசையில் எந்தப் பிழையும் கிடையாது. நம் பிள்ளைகள் எட்ட முடியாத உயரம் என்று ஒன்றை யாரும் நமக்கு வகுத்துவிட முடியாது.

கெடாவுக்கும் விமானத்துக்கும் பழைய உறவு உண்டு. அலோர் ஸ்டாரிலும் சுங்கை பட்டாணியிலும் பிரிட்டிஷ் விமானப்படைத் தளங்கள் இருந்தன. 1941 டிசம்பரில் ஜப்பானியர் முதலில் குண்டு போட்ட இடங்களில் அவையும் அடங்கும். இன்று அலோர் ஸ்டாரை அடுத்த கெப்பாலா பத்தாஸில் அரச மலேசிய விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. லங்காவியில் எச்.எம். ஏரோஸ்பேஸ் பறக்கும் பள்ளி நடந்திருக்கிறது. 1991 முதல் லங்காவியில் நடந்துவரும் லீமா விமானக் கண்காட்சிக்குப் பள்ளிப் பேருந்தில் போய், அண்ணாந்து பார்த்த கணத்திலேயே தன் வேலையை முடிவு செய்துவிட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் நடக்கும் பேச்சைக் கேட்டால் ஒரு கவலை எழுகிறது. "மாஸ்ல எவ்வளவு, ஏர் ஏசியால எவ்வளவு, சிங்கப்பூர்ல எவ்வளவு?" என்று விசாரிக்கிறார்கள். யார் கூடுதலாகத் தருகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வேலையில் இருக்கும் விமானிகளே இப்படித்தான் ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். இந்த நிறுவனத்து விமானி அந்த நிறுவனத்துக்காரரை மட்டமாகப் பேசுவதும், அவர் இவரைப் பார்த்துப் பொறாமைப்படுவதும் இந்தத் தொழிலில் நெடுநாள் பழக்கம். இந்தப் போட்டியால் விமானிக்கு நன்மை வந்ததாகத் தெரியவில்லை. தோட்டத்தில் நம் பெரியவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடத்தை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வானத்தில் மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கடனில் தொடங்கும் பயணம்

வணிக விமானி உரிமம் வரை படித்து முடிக்க மலேசியாவில் ஆகும் செலவு சாதாரணமாக மூன்று லட்சம் வெள்ளியைத் தொடுகிறது, தாண்டியும் போகிறது. உரிமம் வாங்கினாலும் பயணிகள் விமானத்தை உடனே ஓட்ட முடியாது. ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 என்று குறிப்பிட்ட ஒரு வகை விமானத்துக்குத் தனியாக டைப் ரேட்டிங் பயிற்சி எடுக்க வேண்டும். அதன் செலவைச் சில நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று பாண்டு எழுதி வாங்குகின்றன. வேறு சில நிறுவனங்கள் அந்தச் செலவையும் பிள்ளையின் தலையிலேயே கட்டுகின்றன.

தோட்டம் துண்டாடப்பட்டபோது கையில் வந்த கொஞ்சப் பணத்தில் சுங்கை பட்டாணியில் ஒரு தாமான் வீடு வாங்கிய குடும்பங்கள், அந்த வீட்டை மறுபடி அடமானம் வைத்துத்தான் இந்தப் பணத்தைப் புரட்டுகின்றன. அப்பாவின் இ.பி.எஃப். சேமிப்பும் அம்மாவின் நகையும் கூடவே போகின்றன. படித்து முடித்தவுடன் வேலை கிடைத்துவிடும் என்ற உறுதியும் கிடையாது. 2010களில் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த இளைஞர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். கடன் கழுத்தை நெரிக்கும்போது முதலில் வரும் ஒப்பந்தத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடத் தோன்றும். விமானியின் சம்பளம் தாழத் தொடங்குவது அங்கேதான்.

சம்பளச் சீட்டைப் பிரித்துப் பார்த்தால்

விமானியின் சம்பளம் ஒரே தொகையாக வருவதில்லை. அடிப்படைச் சம்பளம் ஒரு பகுதி, பறந்த மணிக்கான படி இன்னொரு பகுதி, வெளியூரில் தங்கினால் கிடைக்கும் படி மூன்றாவது பகுதி. இந்த மூன்றும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பழைய, பெரிய நிறுவனங்களில் அடிப்படைச் சம்பளத்தின் பங்கு கூடுதலாக இருப்பது வழக்கம். மலிவுக் கட்டண நிறுவனங்களில் பறக்கும் மணியின் பங்கு கூடும்.

பறக்கும் மணிக்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது. விமானம் நிற்குமிடத்தை விட்டு நகரும்போது கணக்கு தொடங்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் அது நின்றதும் கணக்கு முடியும். விடியற்காலை எழுந்து விமான நிலையம் போவது, வானிலை அறிக்கை படிப்பது, எரிபொருள் கணக்குப் போடுவது, தாமதமான விமானத்துக்காகக் காத்திருப்பது எல்லாம் வேலைதான். ஆனால் மணிக்கணக்குப் படியில் அவற்றுக்கு இடம் இருப்பதில்லை.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு நின்றது, நிரைக்கு நடந்தது, கத்தி தீட்டியது, வெட்டி முடித்துப் பால் வடியக் காத்திருந்தது, வாளி சுமந்து ஸ்டோருக்கு வந்தது என்று இத்தனை உழைப்பும் தராசில் நிற்கும் பாலுக்குள் அடங்கிவிடும். அதிலும் காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்துத்தான் காசு. மழை பெய்தால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லாத நாளில் காசும் கிடையாது. மழைக்கும் உலகச் சந்தை விலைக்கும் தொழிலாளி பொறுப்பல்ல. இருந்தும் நட்டம் அவர் தலையில்தான் விழுந்தது.

விமானியின் சம்பளத்தில் மணிக்கணக்கின் பங்கு கூடும்போதும் இதுவேதான் நடக்கிறது. பயணிகள் குறைந்தாலும், விமானம் பழுதாகி நின்றாலும், நிறுவனம் வழித்தடத்தை நிறுத்தினாலும் முதலில் சுருங்குவது விமானியின் கைக்காசு. இதில் ஆபத்தும் இருக்கிறது. உடம்பு முடியாத நாளில் "இன்றைக்கு என்னால் பறக்க முடியாது" என்று சொல்லும் துணிவு விமானிக்கு வேண்டும். நூற்றெண்பது பயணிகளின் உயிர் அந்தத் துணிவை நம்பியிருக்கிறது. அப்படிச் சொன்னால் அந்த மாத வீட்டுக் கடனுக்குப் பணம் போதாது என்ற நிலை வந்தால், துணிவு தளரத்தான் செய்யும். பெரும்பாலான நாடுகள் 28 நாளில் 100 மணி நேரத்துக்கு மேல் ஒரு விமானி பறக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பது களைப்பு கொல்லும் என்பதால்தான். அந்த வரம்பைத் தொட்டால்தான் வாழ முடியும் என்று சம்பளத்தை அமைப்பது, சட்டத்தின் நோக்கத்தையே கெடுத்துவிடும்.

பல கொடிகள், ஒரே வானம்

மலேசிய வானத்தில் போட்டி எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம். மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1972 அக்டோபரில் இரண்டாகப் பிரிந்து மாஸும் எஸ்.ஐ.ஏ.வும் ஆனது. ஒரே நிறுவனத்தில் வேலை செய்தவர்கள் இரண்டு கொடிகளின் கீழ் போனார்கள். சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு ஏற ஏற, எஸ்.ஐ.ஏ. சம்பளத்தைக் காட்டிப் பேசுவது மாஸ் விமானிகளின் வழக்கமாகிவிட்டது. பின்னர் வளைகுடா நிறுவனங்கள் வந்து இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் எடுத்தன.

2001இல் டோனி பெர்னாண்டஸும் கூட்டாளிகளும் கடனில் மூழ்கியிருந்த ஏர் ஏசியாவை 1 வெள்ளிக்கு வாங்கினார்கள். தோட்டப் பாட்டியும் விமானம் ஏறலாம் என்ற நிலையை அது உண்டாக்கியது. அந்த நன்மையை மறுக்க முடியாது. 2011 ஆகஸ்டில் மாஸும் ஏர் ஏசியாவும் பங்கு மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. மாஸ் ஊழியர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. 2012 மே மாதம் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 2013இல் மலிண்டோ வந்தது. இன்று அதன் பெயர் பாத்தேக் ஏர். 2022 டிசம்பரில் மைஏர்லைன், கோலாலம்பூர்-லங்காவி தடத்தையும் சேர்த்துக்கொண்டு பறக்கத் தொடங்கியது. ஓராண்டுகூட நிறையவில்லை. 2023 அக்டோபர் 12ஆம் தேதி விடியும்போது சேவை நின்றுபோனது. பயணிகளோடு சேர்ந்து, சம்பள பாக்கியோடு ஊழியர்களும் தெருவில் நின்றார்கள். கூடுதல் சம்பளம், சீக்கிரம் கேப்டன் பதவி என்று நம்பி ஒரு புது நிறுவனத்துக்குத் தாவும் விமானி எதைப் பணயம் வைக்கிறார் என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது.

பழைய நிறுவனமும் பாதுகாப்பான இடமாக இருந்துவிடவில்லை. 2014இல் எம்.எச்.370, எம்.எச்.17 என்று இரண்டு பேரிழப்புகள். அடுத்த ஆண்டு மாஸ் மூடப்பட்டு மலேசியா ஏர்லைன்ஸ் பெர்ஹாட் என்ற புதிய நிறுவனம் பிறந்தது. சுமார் 20,000 ஊழியர்களில் 6,000 பேருக்கு அதில் இடம் இல்லை. இடம் கிடைத்தவர்களும் புது ஒப்பந்தத்தில் புதிதாகத் தொடங்கினார்கள். தோட்டம் கைமாறும்போது பழைய சர்வீஸ் கணக்கு என்னாகும் என்று பயந்து வாழ்ந்த குடும்பங்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருவருக்கொருவர் எதிரி ஆனால்

நிறுவனப் பெருமையும் சம்பளப் பொறாமையும் விமானிகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இந்தியாவில் தெளிவான சான்று இருக்கிறது. 2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைக்கப்பட்டன. நிறுவனம் ஒன்றானது, விமானிகளின் சங்கங்கள் இரண்டாகவே நின்றன. பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கம் ஏர் இந்தியா விமானிகளுக்கு நிகரான சம்பளம் கேட்டு 2011 ஏப்ரலில் வேலைநிறுத்தம் செய்தது. மறு ஆண்டு மே மாதம் ஏர் இந்தியா விமானிகளின் சங்கம் போராட்டத்தில் இறங்கியது. புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானத்தின் பயிற்சியை மற்ற சங்கத்து விமானிகளுக்கும் தரக் கூடாது என்பது அதன் முக்கியக் குறை. அந்தப் போராட்டம் 58 நாள் நீடித்தது. சங்கத்தின் அங்கீகாரம் போனது, நூறு விமானிகளுக்கு மேல் வேலை இழந்தார்கள்.

முதல் ஆண்டு ஒரு சங்கம் அடிபட்டது. மறு ஆண்டு மற்றது அடிபட்டது. இரண்டு ஆண்டும் தெம்பாக இருந்தது நிர்வாகம் மட்டுமே.

2024 ஏப்ரலில் அதே ஏர் இந்தியாவோடு விஸ்தாரா நிறுவனம் இணையவிருந்த நேரம். விஸ்தாரா விமானிகளுக்கு மாதம் 70 மணி நேரப் பறப்புக்கு நிலையான சம்பளம் இருந்தது. புது ஒப்பந்தம் அதை 40 மணி நேரமாகக் குறைத்தது. விமானிகள் வேலைக்கு வராமல் போக, நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. சம்பளத் தொகை எவ்வளவு என்பதைவிட, எத்தனை மணி உறுதி என்பதுதான் அங்கே சண்டைக்குக் காரணம். நம் பெற்றோர் மனத்தில் பதிய வேண்டிய எண்கள் அந்த 70உம் 40உம்.

மழை நாள்

2020 மார்ச்சில் கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. விமானங்கள் வரிசையாகத் தரையில் நின்றன. மலேசியா ஏர்லைன்ஸ் தன் 13,000 ஊழியர்களிடம் சம்பளமில்லா விடுப்பு எடுக்கும்படி கேட்டது. மலிண்டோவில் சம்பளம் பாதியாகக் குறைந்தது, பிறகு ஆள்குறைப்பும் வந்தது. வேலை இழந்த கேப்டன் ஒருவர் விமானிச் சீருடையோடு சுபாங் ஜெயாவில் சாப்பாட்டுக் கடை நடத்திய செய்தி உலகமெங்கும் போனது. பலரும் அவருடைய தன்னம்பிக்கையைப் பாராட்டினார்கள். பாராட்டுக்கு உரியவர்தான். ஆனால் இருபது ஆண்டு பறந்த ஒருவர் சில மாதங்களுக்குள் ஏன் அந்த நிலைக்கு வந்தார் என்று அதிகம் பேர் கேட்கவில்லை.

அதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அப்போது மாதம் 2,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குவோருக்கும் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும்தான் பெரும்பாலும் பொருந்தியது. 2023 ஜனவரி முதல் எல்லாத் தொழிலாளர்களையும் அந்தச் சட்டம் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் ஆள்குறைப்பு இழப்பீடு மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குவோருக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை. அந்த இழப்பீட்டுக்கு விமானி பெரிதும் நம்ப வேண்டியது அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தையும், அவர் பின்னால் நிற்கும் சங்கத்தையும்தான்.

பீடோங்கின் பாடம்

சங்கம் என்றாலே நம் வீடுகளில் இன்னும் ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அதே மரத்தை வெட்டும் சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி வேண்டும் என்பது ஒரு முக்கியக் கோரிக்கை. ஒரே வேலைக்கு இரண்டு கூலி கொடுத்து, இரண்டு இனத்தையும் ஒன்றை ஒன்று முறைக்க வைத்திருந்தார்கள் துரைமார்கள். அந்த வேலைநிறுத்தம் துப்பாக்கியால் ஒடுக்கப்பட்டது. போருக்குப் பிறகு நம் கெடாவில், ஹார்வார்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி தொண்டர் படையைக் கட்டினார். கள்ளுக்கடை மறியல், கூலிப் போராட்டம், சுயமரியாதை மூன்றும் அதில் கலந்திருந்தன. 1947இல் பீடோங் வட்டாரத்தில் போலீஸ் அந்த இயக்கத்தை அடித்து நொறுக்கியது.

வானூர்தித் துறையிலும் இந்த வரலாறு உண்டு. 1979இல் மாஸில் நடந்த ஊழியர் தகராறின்போது சங்கத்தார் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார்கள். 1980 இறுதியில் எஸ்.ஐ.ஏ. விமானிகள் விதிப்படி மட்டும் வேலை செய்யும் போராட்டம் நடத்தியபோது சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ நேரடியாகத் தலையிட்டார். சங்கத் தலைவர்கள் மீது வழக்கு வந்தது, சங்கமும் கலைந்தது. 1989 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் உள்நாட்டு விமானிகள் சுமார் 1,640 பேர் ஒரே நாளில் ராஜினாமா செய்தார்கள். நிறுவனங்கள் ராணுவ விமானங்களையும் வெளிநாட்டு விமானிகளையும் கொண்டுவந்தன. வேறு கொடியின் கீழ் இருந்த விமானி அந்த இருக்கையில் உட்காரச் சம்மதித்தார், ராஜினாமா செய்தவர் வெளியே நின்றார். அந்தப் போராட்டம் தோற்றது.

தோட்டத்தில் தோற்றவர்கள் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்றது தோல்வியை மட்டும் அல்ல. ஒரே தோட்டத்துக் கோரிக்கையாக இருந்தவரை நசுக்குவது சுலபமாக இருந்தது. நாடு தழுவிய கோரிக்கையாக மாறிய பிறகு மெல்ல நகர்ந்தது. தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 325 வெள்ளி உத்தரவாதம் 2001இல்தான் ஒப்பந்தத்தில் ஏறியது. எல்லாத் துறைக்குமான 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் வந்தது. அது இன்று 1,700 வெள்ளி. தாமதம்தான், போதாததுதான். ஆனால் வந்த ஒவ்வொரு வெள்ளியும் தோட்ட எல்லையைத் தாண்டி மக்கள் கேட்டதால் வந்தது.

அமெரிக்க விமானிகள் இதை வானத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1931இல் தொடங்கிய அவர்களுடைய சங்கம் பல நிறுவனங்களின் விமானிகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. 2023 மார்ச்சில் டெல்டா விமானிகள் நான்கு ஆண்டுகளில் 30 சதவீதத்துக்கு மேல் உயர்வு பெற்றார்கள். அந்த ஒப்பந்தத்தை மேசையில் போட்டே யுனைடெட் விமானிகளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளும் தங்கள் பங்கைக் கேட்டு வாங்கினார்கள். 'அங்கே அவ்வளவு' என்ற அதே ஒப்பீடு அங்கே பொறாமையாக மாறவில்லை. எல்லோரையும் மேலே தூக்கும் ஆதாரமாகப் பயன்பட்டது.

கையெழுத்துக்கு முன்

கெடா குடும்பங்கள் பிள்ளையின் ஒப்பந்தத்தைக் கையில் வாங்கியதும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் மட்டும் எவ்வளவு, அதைக் கொண்டே கடன் தவணையைக் கட்ட முடியுமா? மாதம் எத்தனை மணி பறப்புக்கு உறுதி உண்டு? பாண்டு எத்தனை ஆண்டு, இடையில் நிறுவனமே மூடிவிட்டால் அந்தக் கடன் யார் தலையில்? ஆள்குறைப்பு வந்தால் இழப்பீடு என்று எழுதியிருக்கிறதா? 'கேப்டன் ஆனால் எவ்வளவு' என்ற கேள்வியை இந்த நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

பறக்கத் தொடங்கிய நம் பிள்ளைகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. 2024 செப்டம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தம், ஒரே தொழில், ஒரே துறை என்ற பழைய கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருக்கிறது. நிறுவன எல்லையைக் கடந்து விமானிகள் ஒன்றுசேர இதைவிட நல்ல நேரம் வாய்த்ததில்லை. உறுதியான மணிநேரம், நியாயமான பாண்டு, ஆள்குறைப்பு இழப்பீடு: இந்த மூன்றும் மலேசிய வானத்தில் பறக்கும் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அடித்தளமாக வேண்டும். நிறுவனங்கள் பயணிகளுக்காகப் போட்டி போடட்டும், கட்டணத்தில், நேரத்தில், சேவையில் மோதிக்கொள்ளட்டும். அந்தப் போட்டிக்கான விலையை விமானியின் சம்பளத்திலிருந்து எடுக்க விடக் கூடாது.

ஹார்வார்டு தோட்டத்துப் பேரன் மாஸ் சீருடையும், யூ.பி. தோட்டத்துப் பேத்தி ஏர் ஏசியா சீருடையும் போட்டிருக்கலாம். நிறத்தை வைத்து யார் உசத்தி என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்வரை, இருவருடைய ஒப்பந்தத்தையும் வேறு யாரோ எழுதிக்கொண்டிருப்பார்கள். அடுத்த முறை சந்திக்கும்போது அவர்கள் சம்பளச் சீட்டுகளை அருகருகே வைத்து, எது உறுதி, எது மணிக்கணக்கு என்று ஒன்றாகப் படிக்கட்டும். சங்கம் அங்கேதான் தொடங்கும்.